நாலரை மணி முகூர்த்தத்துக்கு யாரை புக் செய்வது?

பெண்ணுக்கு மேக்கப் யார் என்ற பேச்சு வந்ததும் வீட்டில் முதலில் கைக்கு வருவது போன். அக்காள் மகள் இன்ஸ்டாகிராமைத் திறப்பாள். சேலத்து ஆர்ட்டிஸ்ட் ஒருவர், தருமபுரிக்காரர் ஒருவர், பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி அனுப்பிவைத்த இன்னொருவர் என்று படங்கள் ஓடும். எல்லாப் படத்திலும் பெண் அழகாகத்தான் இருப்பாள். அரைமணி நேரத்தில் ஒருவரைப் பிடித்துப்போய், "டேட் ஃப்ரீயா?" என்று கேட்டு, ஜிபேயில் அட்வான்ஸும் போய்விடும். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்பது அந்த அரைமணிப் பேச்சில் வந்தே இருக்காது. ஏரியூர் போன்ற ஊரில் நடக்கும் கல்யாணத்துக்கு இப்படி ஆள் பிடிப்பது தலைகீழ் வேலை என்பது என் கட்சி. முகத்தைப் பார்த்து ஆளை முடிவு செய்துவிட்டுப் பிறகு நேரத்தைச் சொல்கிறோம். நேரத்தை வைத்து ஆளை முடிவு செய்திருந்தால் பாதிச் சிக்கல் வந்தே இருக்காது.

ஏரியூர் தருமபுரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். பென்னாகரத்துக்கு வந்து, அங்கிருந்து இன்னும் உள்ளே வர வேண்டும். மறுபுறம் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. நாகமரைத் துறையில் படகேறினால் எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. அணை 1934-ல் கட்டி முடிந்த நாளிலிருந்து இரண்டு கரைக்கும் நடுவே தண்ணீர்தான். பகலில் அந்தப் படகு நல்ல குறுக்குவழி. விடியாத நேரத்து முகூர்த்தத்துக்கு அதை நம்பி யாரையும் வரச்சொல்ல முடியாது. ஆக, ஏரியூர் வீட்டுக்கு முன்னால் இருப்பவை மூன்று வழி: சேலம், தருமபுரியிலிருந்து பெயர் பெற்ற ஆர்ட்டிஸ்டைக் காரில் வரவழைப்பது, கிளைகள் வைத்து நடத்தும் பெரிய சலூனில் பேக்கேஜ் எடுப்பது, ஏரியூரிலோ பென்னாகரத்திலோ பார்லர் வைத்திருக்கும் அக்காவிடம் ஒப்படைப்பது. பெரும்பாலான வீடுகளில் முதல் வழிதான் ஆசை, மூன்றாவது வழி "வேற ஆள் கிடைக்கலன்னா" என்ற கணக்கு. அந்த வரிசை சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

முகூர்த்தம் காலை 4.30-க்கு மேல் 6 மணிக்குள் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணிப் பார்ப்போம். தாலி ஐந்தேகாலுக்கு ஏறும் என்றால் பெண் நாலரைக்காவது மணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் ஒரு புடவையில் அழைத்து வந்து, கூறைப்புடவையைத் தட்டில் வைத்துக் கொடுத்ததும் உள்ளே போய் மாற்றி வரும் வழக்கமுள்ள வீடு என்றால், நாலு மணிக்கே முதல் தடவை வெளியே வந்தாக வேண்டும். முகத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஜடைக்கு முக்கால் மணி. புடவையும் நகையும் அரை மணி. அப்படியானால் வேலை தொடங்க வேண்டியது நள்ளிரவு தாண்டி ஒன்றேகாலுக்கு. முந்தின மாலை வரவேற்பு வேறு. மேடையை விட்டு இறங்கப் பத்தரை, போட்டோகாரர் விடுவதற்குப் பதினொன்று. நகையைக் கழற்றி, கொண்டைக்குள் குத்தியிருக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, மாலை மேக்கப்பை எண்ணெய் போட்டுத் துடைத்து முடிக்கப் பன்னிரண்டு. பெண்ணுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரத் தூக்கம். தூங்காத தோலில், ஒரு மணி நேரம் முன்பு தேய்த்துத் துடைத்த சிவப்பு அடங்காத முகத்தில்தான் முகூர்த்த மேக்கப் ஏறுகிறது. இன்ஸ்டாகிராமில் பார்த்த எந்தப் படமும் இந்த நிலையில் எடுத்தது இல்லை.

கூறைப்புடவை மாற்றும் இடைவேளையை எந்தப் பேக்கேஜும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. மேளம் வாசித்துக்கொண்டே இருக்கும், ஐயர் "பொண்ண சீக்கிரம் அழைச்சிட்டு வாங்க" என்று இரண்டாம் தடவை சொல்லிவிட்டார், அறைக்குள் பத்து நிமிடம்தான். ஜடை கலையாமல், நெற்றிச்சுட்டி நகராமல், ஒட்டியாணத்தைக் கழற்றிப் பழைய புடவையை இறக்கிக் கூறையைக் கட்டி மறுபடி ஒட்டியாணம் மாட்ட வேண்டும். இதை முன்கூட்டியே மடிப்பெடுத்து ஊசி போட்டு வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் நாலு அத்தைகள் நாலு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். "சேலை கட்டு உண்டு" என்று பேக்கேஜில் போட்டிருக்கும். எத்தனை சேலை, எந்தச் சேலை என்று கேட்டவர்கள் குறைவு. முதல் புடவையைக் கட்டிவிட்டு நாலு மணிக்கே ஆர்ட்டிஸ்ட் கிளம்பிவிட்டால், மணமேடையில் எல்லோரும் பார்க்கப்போகும் கூறைப்புடவை அவர் கட்டியதாக இருக்காது.

கிளம்பத்தான் செய்வார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியைப் பல வீடுகள் தள்ளிவிடும். மிச்ச மாதங்களின் வளர்பிறை நாட்களில் எல்லாக் கல்யாணமும் வந்து குவியும். முகூர்த்த நாள் என்றால் பத்திரப்பதிவு அலுவலகங்களே கூடுதல் டோக்கன் கொடுக்கிற மாநிலம் இது. பெயர் பெற்ற ஆர்ட்டிஸ்டுக்கு அப்படியொரு நாளில் நாலரை முகூர்த்தம் ஒன்று, ஏழரை முகூர்த்தம் ஒன்று, மாலை ரிசப்ஷன் ஒன்று என்று மூன்று பெண்கள் இருப்பது சகஜம். அதில் தப்பில்லை, அவருக்கும் வருடத்தில் சம்பாதிக்கிற நாட்கள் அவ்வளவுதான். ஆனால் மூன்றில் தூரமான ஊர் எதுவோ அதற்கு அசிஸ்டன்ட் வருவார். ஏரியூர் எப்போதும் அந்தத் தூரமான ஊராகவே இருக்கும். படத்தைப் பார்த்து மயங்கியது ஒரு கைக்கு, வந்து பூசுவது இன்னொரு கை. கிளைச் சலூன்களில் இது இன்னும் வெளிப்படை. அன்றைக்கு ட்யூட்டியில் யாரோ அவர்தான் வருவார். அவர்களிடம் ரசீது ஒழுங்காகக் கிடைக்கும், பொருள் தரமாக இருக்கும். அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் நள்ளிரவு வேலைக்கு, மாவட்டத்தின் ஓரத்து ஊருக்கு, அவர்கள் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. அந்த வழியை இத்தோடு விட்டுவிடலாம்.

வெளியூர் ஆர்ட்டிஸ்ட் தானே வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். இரவு பன்னிரண்டு மணிக்குத் தருமபுரியிலிருந்து கிளம்பும் பெண்ணோடு கணவனோ தம்பியோ வர வேண்டும். கார் வாடகை கல்யாண வீட்டுக் கணக்கில் சேரும். இல்லையென்றால் முந்தின இரவே வந்து மண்டபத்தில் தங்க வேண்டும். பெண் வீட்டு அறையில் ஏற்கெனவே பாயில் பதினைந்து பேர் படுத்திருப்பார்கள். அவருக்கு நாலு மணி நேரம் தூங்க இடமில்லை என்றால் ஒன்றேகாலுக்கு அவர் கை எப்படி நிற்கும்? தூரத்து ஆர்ட்டிஸ்டின் கட்டணத்தைப் பேசுகிற வீடுகள் அவருக்கு ஓர் அறை ஒதுக்குவதைப் பேசுவதில்லை. ஒதுக்க முடியாத வீடு அவரை அழைக்காமல் இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

இனி அந்தப் படங்களுக்கு வருவோம். ஒரு ஆர்ட்டிஸ்டின் திறமைக்கு அவை சாட்சியாகுமா? பாதி ஆகும். படத்தில் ரிங் லைட் இருக்கிறது, போனின் ஃபில்டர் இருக்கிறது, முப்பது பெண்களில் நன்றாக வந்த மூன்று பேர் மட்டுமே இருக்கிறார்கள். இதைவிடப் பெரிய குறை, படம் கேமராவுக்கான மேக்கப்பைத்தான் காட்டும். மணமேடைக்கு முன் உட்கார்ந்திருக்கும் நானூறு பேர் கண்ணால் பார்க்கிறார்கள். சினிமாவிலும் இதே கதைதான். கலர் படச் சுருளுக்காக மேக்ஸ் ஃபேக்டர் 1930-களில் கொண்டுவந்த பான்கேக், கேமரா வழியாகப் பார்த்தால் சீரான முகம். நேரில் பார்த்தால் மாவு அப்பியது. 1950-களில் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன், தன் ஸ்டூடியோ நினைவுகளில் அந்த மேக்கப் அறையையும் லாரி லாரியாக வாங்கிய பான்கேக்கையும் கேலியோடு எழுதிவைத்திருக்கிறார். "சினிமாவில் வேலை செய்தவர்" என்று ஒரு ஆர்ட்டிஸ்டைப் பற்றிச் சொன்னால் அதைக் கல்யாணத்துக்கான தகுதியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்றும் உண்டு. மும்பை சினிமா மேக்கப் சங்கம் பெண்களுக்கு மேக்கப் ஆர்ட்டிஸ்ட் அட்டையே கொடுக்காமல், முடி அலங்காரத்தோடு நிறுத்தி வைத்திருந்தது. மேக்கப் ஆர்ட்டிஸ்ட் சாரு குரானா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில்தான் அந்தத் தடையைச் செல்லாது என்றது. ஆக, இந்தத் தொழிலில் பெண்கள் பெரும்பாலும் கை பழகியது கல்யாண வீடுகளிலும் பார்லர்களிலும்தான். அதைக் குறைவாக எடைபோட வேண்டியதில்லை.

பேக்கேஜ் பெயர்கள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கலாம். 'எச்டி மேக்கப்' என்ற பெயருக்கு எந்த நிறுவனமும் அரசும் வகுத்த அளவுகோல் கிடையாது. எச்டி தொலைக்காட்சி வந்தபோது தோலின் துவாரம்கூடத் தெரிந்ததால், ஒளியைச் சிதறடிக்கும் மெல்லிய பவுடர்களும் ஃபவுண்டேஷன்களும் வந்தன. அந்தப் பெயரை இப்போது யார் வேண்டுமானாலும் எந்த டப்பாவை வைத்தும் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பவுடர்களில் இருக்கும் சிலிக்கா, சில சன்ஸ்கிரீன்களில் இருக்கும் துத்தநாக, டைட்டானியம் ஆக்ஸைடுகள் ஆகியவை கேமராவின் ஃப்ளாஷ் பட்டால் வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஆல்பத்தில் மூக்கும் கண்ணடியும் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வரும். ட்ரையல் முடிந்ததும் லைட்டை அணைத்துவிட்டுப் போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்தால் இது ஒரு நொடியில் தெரிந்துவிடும். 'ஏர்பிரஷ்' அப்படியில்லை, அது உண்மையிலேயே வேறு முறை. சின்னக் கம்ப்ரஸர் வைத்து, நீர்த்த ஃபவுண்டேஷனைக் காற்றோடு சேர்த்துத் தெளிப்பது. மெல்லிசாக உட்காரும், வேர்வைக்குத் தாங்கும். ஆனால் தோல் உலர்ந்து செதில் விட்டிருந்தால் அதை மறைக்காது, எடுத்துக் காட்டும். தாய்மாமன் முன்னால் பெண் அழுது கோடு விழுந்தால் விரலால் ஒற்றிச் சரிசெய்வதும் கஷ்டம். கரண்டும் வேண்டும். மண்டபத்து ஜெனரேட்டர் மேடைக்கும் சமையல்கட்டுக்கும் போகிறதா, பெண் அறைக்கும் வருகிறதா என்று பார்க்காமல் ஏர்பிரஷ்ஷுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

நிறத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. முகத்துக்கு இரண்டு ஷேடு ஏற்றிப் போடும் பழக்கம் நகரத்திலும் உண்டு, பார்லரிலும் உண்டு. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். தாரை வார்க்கும்போது நீட்டுகிற கை மூன்றாவது நிறம். ஆர்ட்டிஸ்டைக் கேட்டால் "மாப்பிள்ளை வீட்ல கலரா காட்டச் சொல்றாங்க" என்பார். அது பொய்யும் இல்லை. சென்னையிலிருந்து 2009-ல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற பிரசாரம் கிளம்பியது. 1975 முதல் விற்ற ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. மண்டபத்து அறையில் ஏற்றிப் போடச் சொல்லும் குரல் மட்டும் மாறவில்லை. ஆனால் வீடு கேட்டது என்பதற்காக ஆர்ட்டிஸ்டின் பொறுப்பு கழிந்துவிடாது. நல்ல ஆர்ட்டிஸ்ட் தாடை ஓரத்திலும் கழுத்தடியிலும் மூன்று ஷேடு கோடு போட்டு, வெளியே வெயிலில் கூட்டிப்போய்ப் பார்த்துத்தான் எடுப்பார். அறை ட்யூப் லைட்டின் கீழ் எடுத்த ஷேடு வீடியோகாரரின் எல்இடி விளக்கில் காட்டிக்கொடுத்துவிடும். இதில் உள்ளூர் பார்லரின் பலவீனத்தை மறைக்க முடியாது. நகரத்து ஆர்ட்டிஸ்டின் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு ஷேடு இருக்கும், கலந்து எடுப்பார். சின்ன பார்லரில் மூன்று நாலுதான் இருக்கும், அதிலும் வெளிர் நிறங்களே அதிகம். மாநிறப் பெண்ணுக்கும் கருத்த பெண்ணுக்கும் அங்கே நேர்வது திறமைக் குறைவு மட்டுமல்ல, டப்பாக் குறைவும்தான். டப்பாக் குறைவு என்றால் தீர்க்க வழி உண்டு: ட்ரையலில் பார்த்து, பொருந்துகிற ஃபவுண்டேஷனைப் பெண்ணே வாங்கிவிடலாம்.

தலைக்கு வந்தால் தராசு உள்ளூர் பக்கம் நன்றாகவே சாய்கிறது. படங்களில் வரும் தளர்ந்த சுருள் முடியும், பக்கவாட்டில் இறங்கும் கொண்டையும் வரவேற்புக்குப் பொருந்தும். முகூர்த்தத்தில் ஜடைக்கு ஒரு வேலை இருக்கிறது, தாலிக்கு வழிவிட வேண்டும். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, நாத்தனார் பின்னால் நின்று மிச்சம் போட வேண்டும். அப்போது ஜடையை ஒரு கையால் தூக்கி, மாலையை விலக்கி, பிடரியில் ஒரு விரல் இடைவெளி கிடைத்தாக வேண்டும். பெரிய கொண்டையைப் பிடரிவரை இறக்கி, அதைச் சுற்றிக் கனமாகப் பூ வைத்திருந்தால் அந்த இடைவெளி இருக்காது. மஞ்சள் கயிறு பூவுக்குள் மாட்டிக்கொண்டு நாத்தனார் தடுமாறுவதை வீடியோவில் எத்தனையோ கல்யாணங்களில் பார்க்கலாம். ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் என்று மேலிருந்து கீழே இறங்கும் பழைய அலங்காரத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஜடை ஒரே துண்டாக நிற்கும், தூக்கினால் தூக்கிய இடத்தில் வரும். சவுரியை எங்கே கட்டினால் நாலு மணி நேரம் இழுக்காமல் இருக்கும் என்பது ஊர்க் கல்யாணங்களில் கை பழகியவருக்குத் தெரியும்.

பூவும் இங்கத்தியது. தருமபுரி மாவட்டமே பூ விளையும் மாவட்டம். சம்பங்கி, சாமந்தி, குண்டுமல்லி எல்லாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும். முகூர்த்த நாளில் மார்க்கெட்டில் விலை ஏறும் என்பதால் 'பூ ஜடை சேர்த்து' என்ற பேக்கேஜ் கவர்ச்சியாகத் தெரியும். வெளியூரிலிருந்து முந்தின மதியம் கட்டி ஐஸ் பெட்டியில் கொண்டுவரும் மல்லிகை விடியுமுன் பழுக்கத் தொடங்கும். பூவைப் பேக்கேஜிலிருந்து கழித்துவிட்டு, ஊர்ப் பூக்காரம்மாவிடம் தனியாகச் சொல்லி முந்தின இரவு ஒன்பது மணிக்கு ஜடையாகவே கட்டி வாங்குவது விலையிலும் நல்லது, வாசனையிலும் நல்லது.

பணம். 'அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று எல்லா ஆர்ட்டிஸ்டும் எழுதுகிறார்கள். கேட்பவரும் தலையாட்டிவிடுகிறார். அந்த வாக்கியத்துக்குச் சட்டத்தில் முழு பலம் கிடையாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிவைத்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் எவ்வளவு நியாயமோ அவ்வளவுதான் இழப்பீடாகக் கேட்கலாம். கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், இழப்பே ஏற்படாத இடத்தில் இந்தப் பிரிவைக் காட்டி முன்பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது என்றது. அது டில்லி நிலம் சம்பந்தப்பட்ட பெரிய வழக்கு என்றாலும் தத்துவம் ஒன்றுதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரசீது கொடுக்காததும் நியாயமற்ற வணிக நடைமுறையாகச் சேர்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 1915 என்ற உதவி எண்ணும் உண்டு.

ஆனால் யார் போவார்கள்? மூவாயிரம் ரூபாய் அட்வான்ஸுக்காகப் புதுமணப்பெண் ஆணையத்துக்கு நடக்க மாட்டாள். 'மேக்கப் சரியில்லை' என்பதை அங்கே நிரூபிப்பதும் லேசில்லை. அசிஸ்டன்ட் வந்தார், ஒரு மணி நேரம் தாமதம், சொன்ன புடவையைக் கட்டவில்லை போன்றவற்றைத்தான் நிரூபிக்க முடியும், அதுவும் முன்பே எழுதியிருந்தால். ஜிபே திரை பணம் போனதற்குச் சாட்சி. எதற்குப் போனது என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே சட்டத்தின் பயன் பின்னால் வழக்குப் போடுவதில் இல்லை, முன்னால் அரைப் பக்கம் எழுதி வாங்குவதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினாலே போதும்: யார் வருவார், எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிவரை இருப்பார், எத்தனை புடவை, கூடவே அம்மா, அக்காவுக்கு உண்டா, ஜடை நகை வாடகையா சொந்தமா.

ஆர்ட்டிஸ்ட் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆவணி வளர்பிறையில் ஒரு தேதியை ஒதுக்கி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு "வேண்டாம்" என்றால் அந்த நாள் அவருக்குப் போனதுதான், அட்வான்ஸை வைத்துக்கொள்வது நியாயம். இரண்டு மாதம் முன்பே சொல்லி, அதே தேதிக்கு அவர் வேறு பெண்ணை எடுத்துவிட்டார் என்றால் திருப்பித் தருவதே முறை. வீட்டில் துக்கம் நேர்ந்து தேதி தள்ளிப்போனால் அதே பணம் புதுத் தேதிக்கு மாற வேண்டும். இந்த மூன்றையும் பேசி எழுதிக்கொண்டால் இரண்டு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை. போகிற போக்கில் ஒன்று: ஜிஎஸ்டி என்று சொல்லிக் கூட்டிக் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவருக்குப் பொதுவாகப் பதிவே கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் முடியாது. அழகு நிலையச் சேவைக்கு 18 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்.

உள்ளூர் பார்லரை ஒதுக்குபவர்கள் சொல்லும் காரணம் படிப்பு. "ஒரு மாசம் டிரெய்னிங் போய்ட்டு வந்து போர்டு மாட்டிட்டாங்க." வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பியூட்டி பார்லர் பயிற்சி ஒரு மாத அளவில்தான், தாட்கோ மூலமும் அழகுக்கலைப் பயிற்சி உண்டு, ஐடிஐ காஸ்மெடாலஜி ஒரு வருடம். ஒரு மாதம் போதாது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் நகரத்து ஸ்டூடியோ சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் 'மாஸ்டர்கிளாஸ்' சான்றிதழ்களில் பல ஒருநாள், இருநாள் வகுப்புகளுக்கானவை என்பதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டாமா? சான்றிதழை வைத்து இரண்டு பக்கமும் ஆளை எடைபோட முடியாது.

உள்ளூர் பார்லர் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு வேறு, அது சுத்தம். ஒரே ஸ்பாஞ்ச் காலையில் ஒரு பெண்ணுக்கும் மாலையில் இன்னொரு பெண்ணுக்கும். லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்ப்பது. கண்மைக் குச்சி ஒன்றே எல்லோருக்கும். 'மெட்ராஸ் ஐ' பரவும் காலத்தில் இது விளையாட்டில்லை. நகரத்திலும் எல்லோரும் ஒழுங்கு என்று சொல்ல மாட்டேன், ஆனால் தட்டில் வழித்து எடுத்துப் பிரஷ்ஷால் பூசும் பழக்கம் அங்கே அதிகம். ஸ்பாஞ்சும் காஜலும் லிப்ஸ்டிக்கும் பெண்ணின் சொந்தப் பொருளாக இருக்கட்டும். அக்கா கோபித்துக்கொள்வார் என்றால் கோபித்துக்கொள்ளட்டும். செயற்கை இமையை ஒட்டும் பசையைக் காதுக்குப் பின்னால் தடவி ஒருநாள் விட்டுப் பார்ப்பதும், தலைக்கு டை போடுவதாக இருந்தால் 48 மணி நேரச் சோதனை செய்வதும் யார் வந்தாலும் கட்டாயம். முதன்முதலாக ஒரு ப்ளீச்சையோ ஃபேஷியலையோ கல்யாணத்துக்கு முந்தின நாள் முகத்தில் போட்டுப் பார்ப்பது பைத்தியக்காரத்தனம்.

உள்ளூர் ஆர்ட்டிஸ்டுக்கு மட்டும் இருக்கும் ஒரு பொறுப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குழந்தைத் திருமணம் இன்றும் கவலையாக இருக்கும் மாவட்டம் இது. புக் செய்ய வரும்போது பெண்ணின் வயதை வெளியூர்க்காரர் கேட்க மாட்டார், கேட்டாலும் சொன்னதை நம்ப வேண்டியதுதான். அதே தெருவில் பார்லர் வைத்திருப்பவருக்குப் பெண் எந்த வகுப்புப் படிக்கிறாள் என்பது தெரியும். 18 ஆகாத பெண்ணின் கல்யாணத்தை நடத்துவதும் அதற்குத் துணைபோவதும் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அட்வான்ஸ் போய்விடுமே என்று கண்ணை மூடிக்கொள்ளும் பார்லருக்கு இந்தக் கட்டுரையில் நான் கொடுக்கும் மதிப்பெண் எதுவும் சேராது.

இப்போது தீர்ப்பு. விடியற்கால முகூர்த்தம் உள்ள ஏரியூர்க் கல்யாணத்துக்கு உள்ளூர் ஆர்ட்டிஸ்டே சரியான ஆள். 'வேற ஆள் கிடைக்கலன்னா' என்ற இடத்திலிருந்து அவரை முதல் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றேகால் மணிக்குத் தூங்கி எழுந்த கையோடு வருவார், கூறைப்புடவைக்கு இருப்பார், தாலி ஏறும்வரை நிற்பார். முகத்தின் நுணுக்கத்தில் நகரத்து ஆர்ட்டிஸ்ட் அவரைவிட ஒரு படி மேலே இருக்கலாம், பல நேரங்களில் இருக்கிறார். அந்த ஒரு படிக்கு ஆகும் விலை, நேரத்தின் நிச்சயமின்மை. இந்தத் தீர்ப்புக்கு ஒரே நிபந்தனை, காசு கொடுத்துச் செய்யும் ட்ரையல். இலவச ட்ரையல் என்றால் கையில் பாதி பூசிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். முழு முகம், முழு ஜடை, பழைய பட்டுப்புடவை ஒன்றோடு, கல்யாணத்துக்கு மூன்று நாலு வாரம் முன்பு செய்ய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து எத்தனை நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டு, அப்படியே நாலு மணி நேரம் வீட்டு வேலை செய்துவிட்டு மறுபடி கண்ணாடி பார்க்க வேண்டும். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பெண்ணுக்கு இதற்காக ஒருநாள் லீவு எடுப்பது சிரமம்தான். ஜவுளி எடுக்க வரும் நாளோடு சேர்த்துக்கொள்ளலாம். ட்ரையலில் ஷேடு பொருந்தவில்லை, பிரஷ் கழுவவில்லை, மூன்றரை மணி நேரம் ஆகிறது என்றால் அந்த ஆளை விட்டுவிட இன்னும் நேரம் இருக்கிறது. ட்ரையலுக்கே ஒத்துக்கொள்ளாதவர் உள்ளூராக இருந்தாலும் வெளியூராக இருந்தாலும் பட்டியலில் இல்லை.

ஆசைப்பட்ட சேலத்து ஆர்ட்டிஸ்டை விட மனமில்லையா, அவரை மாலை வரவேற்புக்கு அழையுங்கள். அவர் மேக்கப் கேமராவுக்கானது, வரவேற்பும் கேமராவுக்கானதே. பகல் மூன்று மணிக்கு வந்து ஏழு மணிக்குத் திரும்பிவிடலாம், யாருக்கும் தூக்கம் கெடாது. முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள் என்று வைத்திருக்கும் வீட்டுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. அங்கே கடிகாரம் நெருக்குவதில்லை, ஆர்ட்டிஸ்ட் ஐந்து மணிக்குத் தருமபுரியில் கிளம்பினால் போதும். முகத்தை மட்டும் வைத்து ஆளை எடுக்க அந்த வீட்டுக்கு உரிமை உண்டு, அன்று வேறு எத்தனை பெண்களை ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று கேட்டுவிட்டால்.